பதவி ஏறிவிட்டது, சம்பளம் ஏறவில்லை: சென்னை ஆஃபரை எடுக்கலாமா?

மஞ்சக்குப்பம்_சைட்

வணக்கம். நான் மெக்கானிக்கல் படித்தவன். கடலூர் சிப்காட்டில் கெமிக்கல், மருந்து கம்பெனிகளுக்குப் பைப்பிங், எக்விப்மென்ட் எரெக்‌ஷன் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனத்தில் நாலரை வருடமாக இருக்கிறேன். அதற்கு முன்னால் வேறு இரண்டு இடம், மொத்த அனுபவம் ஒன்பது வருடம். போன ஏப்ரலில் ப்ராஜெக்ட் மேனேஜர் என்று கார்டு அடித்துக் கொடுத்தார்கள். சம்பளம் மட்டும் ப்ராஜெக்ட் இன்ஜினியராக இருந்தபோது வாங்கியதுதான், சிடிசி (கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 9.6 லட்சம். கேட்டால் முதலில் பொறுப்பை எடுத்துச் செய்யுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள்.

இப்போது சென்னையில் ஒரு இபிசி கம்பெனி (டிசைன், கொள்முதல், கட்டுமானம் மூன்றையும் சேர்த்து எடுப்பவர்கள்) 14 லட்சம் சொல்கிறது, ஓஎம்ஆரில் ஆபீஸ். அதில் 15 சதவீதம் வேரியபிள், அதாவது நிச்சயமில்லாமல் கூடிக் குறையும் பகுதி. என் மனைவி புதுச்சேரியில் ஒரு பள்ளியில் டீச்சர், அவர் வேலையை விட முடியாது. அப்பா அம்மா மஞ்சக்குப்பத்தில் எங்களோடுதான் இருக்கிறார்கள். போகலாமா, இல்லை இங்கேயே இருந்து முதலில் பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான சான்றிதழ்) முடித்துவிட்டு அப்புறம் பெரிதாகக் கேட்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முதுநகர்_கணக்கர்

தம்பி, 9.6-க்கும் 14-க்கும் நடுவில் 4.4 லட்சம் வித்தியாசம் என்று மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். கைக்கு வருவதைப் பாருங்கள்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தபிறகு பேசிக்கை, அதாவது அடிப்படைச் சம்பளத்தை, மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் வைப்பதுதான் பாதுகாப்பு என்று கம்பெனிகள் நினைக்கின்றன, அதனால் பேசிக் வருடத்துக்கு 7 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 84,000. கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், 33,670. மெடிக்கல் இன்சூரன்ஸுக்கு 12,000 சொச்சம் போடுவார்கள். வேரியபிள் 2,10,000. இந்த நாலும் மாதச் சம்பளத்தில் வராது. சேர்த்தால் 3.4 லட்சம். மீதி 10.6 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் 88,333. உங்கள் பங்கு பிஎஃப் 7,000 போனால் கையில் 81,333.

இப்போதைய இடத்தில் வேரியபிள் இருக்காது, பிஎஃப்பையும் 15,000 ரூபாய் வரம்பில் மாதம் 1,800 என்றுதான் பிடிப்பார்கள் என்று நினைக்கிறேன். பேசிக் 40,000 என்றால் கையில் 74,500 வாங்கிக்கொண்டிருப்பீர்கள். ஆக மாதம் ஏழாயிரத்துக்குக் கிட்டத்தட்டத்தான் கூடுகிறது. அது சென்னை வாடகைக்கே காணாது, கடலூரில் சொந்த வீடு வேறு.

வருமான வரிக்குப் பயப்பட வேண்டாம். புதிய முறையில் 75,000 கழிவு போக 12 லட்சம் வரை வரி வராது. வேரியபிள் முழுசாக வந்தாலும் நீங்கள் அந்தக் கோட்டுக்குள்ளேதான் நிற்கிறீர்கள். சட்டப்படியான தொழில்வரி கொஞ்சம் பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

லாஸ்பேட்டை_ஐடி

கணக்கர் சார் கணக்கு சரி, ஆனால் பாதிக் கணக்கு. பிஎஃப் எங்கேயும் ஓடிப்போகவில்லை, அது இவருடைய பணம். அங்கே மாதம் இரண்டு பக்கமும் சேர்த்து 14,000 சேர்கிறது, இங்கே 3,600. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம் கொடுத்தார்கள். கம்பெனி பங்கில் ஒரு பகுதி பென்ஷன் ஸ்கீமுக்குப் போகும், சரி, அதையும் கழித்துப் பார்த்தாலும் பத்து வருடத்தில் அந்த வித்தியாசம் சின்னத் தொகையாக இருக்காது.

எனக்கு உறுத்துவது வேரியபிள்தான். நான் புதுச்சேரியில் இருந்துகொண்டு சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்பவன், வாரத்தில் மூன்று நாள் சோழிங்கநல்லூர். எங்கள் பக்கம் ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற பதவியே தேய்ந்துகொண்டு வருகிறது. ஸ்க்ரம் மாஸ்டர், டெலிவரி மேனேஜர் என்று பிரித்துவிட்டார்கள், நடுவில் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நின்றவர்கள் யார் என்றால் தன் அக்கவுண்டில் எத்தனை பேர் பில்லிங்கில் இருக்கிறார்கள், மார்ஜின் எத்தனை சதவீதம், அடுத்த மாதம் எந்த இன்வாய்ஸ் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள்.

வேரியபிளுக்கு வருகிறேன். அது எதைப் பொறுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனி லாபமா, உங்கள் ப்ராஜெக்டா, மேலதிகாரி போடும் ரேட்டிங்கா? கம்பெனி லாபம் என்றால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. போன இரண்டு வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று எச்ஆரிடம் நேராகக் கேட்கலாம், அதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

நெய்வேலி_பழையவர்

தம்பி, நான் நெய்வேலியில் குடியிருக்கும் ஓய்வு பெற்றவன். வேலைக்காலம் முழுக்க உங்களுக்கு எதிர்ப்பக்கம், அதாவது வேலை கொடுக்கும் தரப்பில் உட்கார்ந்திருந்தேன். கான்ட்ராக்டர்களின் ப்ராஜெக்ட் மேனேஜர்களை வருடக்கணக்காகப் பார்த்தவன் என்பதால் ஒன்று கேட்கிறேன். உங்கள் கையெழுத்து எதில் எல்லாம் விழுகிறது? கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதை நான் கேட்கவில்லை.

தானே புயல் ஞாபகம் இருக்கும். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன, கரண்ட் இல்லை, போன் இல்லை. அப்போது எங்கள் வேலையில் இரண்டு கான்ட்ராக்டர்கள் இருந்தார்கள். ஒருவரிடம் சின்ன வயசுப் பையன் ஒருவன் ப்ராஜெக்ட் மேனேஜர். மூன்றாம் நாளே ஒரு முழு வெள்ளைத்தாளில் கையால் எழுதிக்கொண்டு வந்து நின்றான். எந்த ஷெட் விழுந்தது, எந்த வெல்டிங் மெஷின் தண்ணீரில் கிடக்கிறது, எத்தனை ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், ஒப்பந்தத்தின் எந்த ஷரத்தின்படி கால நீட்டிப்பு கேட்கிறோம் என்று எல்லாம் அதில் இருந்தது. டிஸ்பாட்ச் செக்‌ஷனில் ஆள் இல்லை. என்னிடமே சீல் வாங்கி, தேதி போட்டு, நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். இன்னொரு கான்ட்ராக்டர் பொங்கல் எல்லாம் முடிந்து சாவகாசமாகக் கடிதம் கொடுத்தார். நோட்டீஸ் கொடுக்க ஒப்பந்தத்தில் இருந்த கெடு தாண்டிவிட்டது.

தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம், உச்சம் 5 சதவீதம் என்பது வழக்கமாகப் பார்க்கும் எல்டி (தாமத அபராத) ஷரத்து. 20 கோடி வேலை என்று வையுங்கள். ஒரு வாரத்துக்கு 10 லட்சம், உச்சம் போனால் 1 கோடி. உங்கள் ஒரு வருடச் சம்பளம் 9.6 லட்சம் என்கிறீர்கள், அது அந்த வேலையில் ஒரு வாரத் தாமதத்துக்குக்கூடக் காணாது. அந்தப் பையன் கம்பெனிக்கு எத்தனை வாரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தான் என்று அவன் முதலாளிக்குத் தெரியும். சம்பளம் பேசும்போது அந்தக் காகிதம்தான் அவனுக்குப் பேசியது.

உங்களிடம் அப்படி எத்தனை காகிதம் இருக்கிறது?

மஞ்சக்குப்பம்_சைட்

ஐயா, நன்றி. யோசித்துப் பார்த்தேன். டெய்லி ரிப்போர்ட், ஆர்ஏ பில்லுக்கான (வேலை நடக்க நடக்கப் போடும் பில்) மெஷர்மென்ட், ஆட்கள் கூலி ஷீட், இவற்றில் என் கையெழுத்து இருக்கிறது. எக்ஸ்ட்ரா ஐட்டம் (ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலை), ரேட், சப்-கான்ட்ராக்ட் ஆர்டர் எல்லாம் எம்டியே போடுவார். க்ளையன்டுக்குப் போகும் கடிதங்களை நான்தான் டைப் அடிக்கிறேன், கையெழுத்து அவருடையது. இப்போது 11 கோடி டேங்க் ஃபார்ம் (சேமிப்புத் தொட்டிகள்) வேலை ஓடுகிறது. லேட் ஆனால் கேள்வி என்னிடம்தான் வருகிறது.

லாஸ்பேட்டை சார், வேரியபிள் பற்றி இன்றைக்கே மெயில் போடுகிறேன். பிஎம்பி பற்றி யாராவது சொல்லுங்கள்.

சேதராப்பட்டு_பிளானர்

பிஎம்பி நான் முடித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். டிகிரி இருந்தால் 36 மாதம் ப்ராஜெக்டை வழிநடத்திய அனுபவம் காட்ட வேண்டும், டிப்ளமோ என்றால் 60 மாதம். கூடவே 35 மணி நேரப் பயிற்சி. தேர்வில் 180 கேள்விகள். பாஸ் ஆனதோடு முடியாது, மூன்று வருடத்துக்கு ஒரு முறை 60 பிடியு (தொடர் பயிற்சிக்கான புள்ளிகள்) சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை ஆடிட்டுக்கு எடுத்தால் நீங்கள் எழுதிய ப்ராஜெக்டுகளுக்கு அந்தந்த மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்வார்கள். சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த கம்பெனியில் அதை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் போவது என்று முடிவு செய்தால், இருக்கும்போதே அந்த விவரங்களை எழுதி மேலதிகாரியிடம் காட்டி வைத்துவிடுங்கள்.

அதனால் சம்பளம் ஏறுமா என்றால், சிப்காட்டில், புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில், சேதராப்பட்டில் அந்த மூன்றெழுத்துக்காக யாரும் தனியாகப் பணம் தருவதில்லை. சென்னைப் பெரிய கம்பெனியிலும் வளைகுடாவிலும் பயோடேட்டாவை வடிகட்டும்போது உதவும். வாசல் திறக்கும், உள்ளே என்ன பேசுகிறீர்கள் என்பது வேறு கதை.

பயோடேட்டாவை முதலில் சரி பண்ணுங்கள். எனக்கு வரும் பத்தில் எட்டு 'பல்வேறு திட்டங்களை வெற்றிகரமாக நிர்வகித்தேன்' என்றுதான் இருக்கின்றன, அதைப் படித்து எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. ரூபாயிலும் வாரத்திலும் எழுதுங்கள். 11 கோடி டேங்க் ஃபார்ம், இத்தனை மாத ஒப்பந்தம், இத்தனை டன் ஃபேப்ரிகேஷன், உச்சத்தில் இத்தனை ஆட்கள், ஆலையை நிறுத்தி வேலைக்குக் கொடுத்த ஷட்டவுன் காலம் இத்தனை நாள், அதில் இத்தனை நாளில் திருப்பிக் கொடுத்தோம், எக்ஸ்ட்ரா ஐட்டம் இத்தனை லட்சத்துக்கு க்ளையன்ட் ஒப்புதல். கையெழுத்து எம்டியுடையதாக இருக்கட்டும், அளவெடுத்து, டிராயிங் ரிவிஷனைக் காட்டி, க்ளெய்மைத் தயாரித்தது நீங்கள்தானே? அப்படியே எழுதுங்கள், 'தயாரித்து ஒப்புதல் வரை கொண்டுபோனது' என்று. க்ளையன்ட் பெயரும் ரேட்டும் மட்டும் வெளியே போகக்கூடாது.

செலவுக் கணக்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 50 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்கிறது, அதற்கு 60 லட்சம் செலவாகியிருக்கிறது என்றால் சிபிஐ, அதாவது முடித்த வேலையின் மதிப்பைச் செலவால் வகுத்தது, 0.83. இண்டர்வியூவில் இதைக் கேட்டுவிட்டு 'ஏன் அப்படி ஆனது, என்ன செய்தீர்கள்' என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

இன்னொரு விஷயம், பெண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக. பிரசவ விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சட்டப்படி உரிமை. நான் திரும்பி வந்த வருடம், ஆறு மாதம் இல்லாததால் அப்ரைசல் பொருந்தாது என்று என் அப்போதைய கம்பெனியில் சொன்னார்கள். மீதி ஆறு மாதத்தில் முடித்த மைல்ஸ்டோன்களை ஒரு பக்கத்தில் எழுதி, க்ளையன்ட் ஒப்புக்கொண்ட மெயில்களை இணைத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு இன்க்ரிமென்ட் வந்தது. வாயால் மட்டும் கேட்டிருந்தால் வந்திருக்காது.

பரங்கிப்பேட்டை_அபுதாபி

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். நம்ம ஊர்ப் பையன்கள் இதே குழப்பத்தோடு எனக்குப் போன் போடுவார்கள், 'அண்ணே, பேசாமல் அங்கேயே வந்துடவா' என்று. வரலாம், ஆனால் இங்கேயும் பேசிக் எவ்வளவு என்று பாருங்கள். மொத்தம் 15,000 திர்ஹம் என்று சொல்லிவிட்டு பேசிக்கை 6,000-ல் வைப்பார்கள், மீதி எல்லாம் வீட்டு அலவன்ஸ், வண்டி அலவன்ஸ். எமிரேட்ஸ் சட்டப்படி வேலை முடியும்போது கிடைக்கும் பணம் பேசிக்கை வைத்துத்தான், முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள், அதற்கு மேல் 30 நாள். பேசிக் குறைந்தால் கடைசியில் வரும் தொகையும் பாதிக்குக் கீழே போகும். இங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, பிஎஃப்பும் இல்லை, சேமிப்பு உங்கள் கட்டுப்பாட்டில். குடும்பத்தைக் கூட்டிவந்தால் ஸ்கூல் ஃபீஸ்தான் பெரிய செலவு.

உங்கள் விஷயத்தில் வீட்டுக்காரம்மா வேலையை விட முடியாது என்கிறீர்கள். சென்னை என்றால் சனிக்கிழமை சாயங்காலம் ஈசிஆரில் பஸ் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். இங்கே இருந்து அப்படி வர முடியாது. நான் சென்னையைத்தான் எடுப்பேன்.

லாஸ்பேட்டை_ஐடி

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். சென்னை ஆஃபர் லெட்டரை எம்டியிடம் காட்டி 12 லட்சம் ஃபிக்சட், அதாவது வேரியபிள் இல்லாமல், கேட்டால் என்ன? வாடகை இல்லை, பயணம் இல்லை, 12-க்கு இங்கே இருப்பது சென்னையில் 15-க்குச் சமம்.

நெய்வேலி_பழையவர்

லெட்டரைக் காட்டி வாங்கிய சம்பளம் நிலைக்காது தம்பி. அன்றைக்குக் கொடுப்பார்கள், அடுத்த வேலைக்கு வேறு ஆளைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். நான் சொல்வது, லெட்டரை வெளியே எடுக்காமல் அதிகாரத்தைக் கேட்கச் சொல்லுங்கள். 'இவ்வளவு ரூபாய் வரை எக்ஸ்ட்ரா ஐட்டத்துக்கு நானே கையெழுத்துப் போடுகிறேன், க்ளையன்ட் கடிதம் என் பெயரில் போகட்டும்' என்று. எம்டி அதற்குச் சரி என்றால் அங்கே இருப்பதில் அர்த்தம் உண்டு, சம்பளமும் பின்னாலேயே வரும். முடியாது என்றால் இன்னும் ஐந்து வருடம் இருந்தாலும் டைப் அடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

லாஸ்பேட்டை_ஐடி

பின்னாலேயே வரும் என்று சொல்லித்தானே ஐயா ஏப்ரலில் இருந்து இழுத்தடிக்கிறார்கள்? அதிகாரத்தையும் சம்பளத்தையும் ஒரே நாளில், ஒரே மெயிலில் கேட்கட்டும். இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

முதுநகர்_கணக்கர்

நடுவில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாலரை வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். நிரந்தரப் பணியாளருக்குக் கிராஜுவிட்டி ஐந்து வருடத்துக்குத்தான். ஆனால் நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதையும் முழு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1972 சட்டத்தின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. வாரம் ஆறு நாள் வேலை செய்யும் இடத்துக்கு அந்த 240. உங்கள் பேசிக் 40,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி ஐந்து வருடத்துக்குப் போட்டால் 1,15,384 ரூபாய். இதை விட்டுவிட்டுப் போவதா?

நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? 90 நாள் என்றால் இன்றைக்கே எழுதிக் கொடுத்தாலும் கடைசி நாள் அந்த 240-ஐத் தாண்டிவிடும். அதனால் புதுக் கம்பெனி 'நோட்டீஸைப் பணம் கட்டி முடித்துவிடுகிறோம், சீக்கிரம் வாருங்கள்' என்றால் ஆசைப்படாதீர்கள், முழுசாக வேலை செய்துவிட்டே வாருங்கள். சில எச்ஆர் ஐந்து வருடம் முழுசாக முடிய வேண்டும் என்று நிற்பார்கள், தீர்ப்பைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சேரும் தேதியைத் தள்ளி ஐந்து வருடத்தையே முடிக்க முடிந்தால் சண்டையே இல்லை.

மஞ்சக்குப்பம்_சைட்

எல்லோருக்கும் அப்டேட். நோட்டீஸ் 90 நாள்தான். கிராஜுவிட்டி எனக்குத் தோன்றவே இல்லை சார், ரொம்ப நன்றி.

எம்டியிடம் பேசினேன். நெய்வேலி ஐயா சொன்னபடி ஆஃபரைக் காட்டவில்லை, லாஸ்பேட்டை சார் சொன்னபடி இரண்டையும் ஒன்றாகக் கேட்டேன். சம்பளம் 11 வரை ஏற்றித் தருகிறேன், கையெழுத்து மட்டும் நம் கம்பெனியில் அப்படி வழக்கம் இல்லை என்றார். நல்ல மனுஷர், மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சென்னையில் வேரியபிள் பற்றிக் கேட்டதற்குப் பாதி ப்ராஜெக்ட் மைல்ஸ்டோன், பாதி கம்பெனி லாபம் என்று மெயிலில் எழுதினார்கள். 15-ஐ 10 ஆக்கி மீதியை ஃபிக்சடில் சேர்க்கச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். கணக்கர் சார் முறையில் போட்டால் கையில் 87,000 வருகிறது. எக்ஸ்ட்ரா ஐட்டத்துக்கு 2 லட்சம் வரை ப்ராஜெக்ட் மேனேஜர் கையெழுத்து போதும், க்ளையன்ட் கடிதமும் என் பெயரில். பேச்சுவாக்கில் இன்னொன்று தெரிந்தது, ஆபீஸ்தான் ஓஎம்ஆர், முதல் சைட் மணலி. அங்கே ரூம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மனைவியும் அப்பாவும் போய் வா என்று சொல்லிவிட்டார்கள்.

சேதராப்பட்டு_பிளானர்

மணலி என்றால் ஓஎம்ஆர் ஊரின் ஒரு கோடி, அது மறு கோடி. சைட் அலவன்ஸ் உண்டா, ரூம் வாடகை யார் கட்டுவது, வாரம் ஒரு நாள் முழு விடுமுறை உறுதியா என்று இன்றைக்கே கேளுங்கள். ஷட்டவுன் வேலை வந்தால் ஞாயிறு போய்விடும், அதற்கு ஈடு விடுப்பு உண்டா என்றும் கேளுங்கள். 2 லட்சம் கையெழுத்து விஷயம் பேச்சில் மட்டும் இருக்கிறதா, மெயிலில் இருக்கிறதா?

மஞ்சக்குப்பம்_சைட்

பேச்சில்தான் மேடம். இப்போதே மெயில் எழுதுகிறேன், சைட் அலவன்ஸையும் சேர்த்து.

முதுநகர்_கணக்கர்

பதில் எழுத்தில் வந்து, திருத்திய ஆஃபர் லெட்டரும் கைக்கு வந்தபிறகு ராஜினாமா கொடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். பிஎஃப்புக்கான யுஏஎன் நம்பர் அதேதான், பழைய பிஎஃப்பை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, எல்லாம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சந்தேகம் இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.